ஆறில் இரண்டு

ரத்தம் சோதிக்கும் புதுப் பெட்டியை ஓட்டிப் பார்க்க வேண்டிய நாள் காலை, அதற்குள் வைக்க நம்பகமான ரத்தம் இல்லாமல் போயிற்று.

பெட்டியோடு வந்திருக்க வேண்டிய மாதிரிக் குழாய்கள் மதுரைக்குத் தெற்கே ஏதோ ஒரு குடோனில் வெயிலில் கிடந்து கெட்டிருந்தன. கம்பெனியிலிருந்து வந்த பொறியாளர் போனைக் காதில் வைத்தபடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். தூத்துக்குடி உப்புக்காற்று அவர் சட்டையை முதுகோடு ஒட்ட வைத்திருந்தது. ரத்த மையத்தின் பரிசோதனைக் கூடத்தில் மூத்தவளான எஸ்தர் அக்கா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள்.

"நம்ம குழாயை வைங்க சார். இத்தன வருசமா இந்த லேப் அதை நம்பித்தான் ஓடுது" என்றாள்.

நம்ம குழாய் என்பது வேறொன்றுமில்லை. ரத்த வகை பார்க்கும் மருந்துகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று தினமும் காலையில் சோதிப்பதற்கு, வகை தெரிந்த ரத்தம் கொஞ்சம் வேண்டும். அங்கே வேலை பார்த்தவர்களில் மூன்று பேருக்கு ஓ பாசிட்டிவ். எஸ்தர் அக்கா, வடிவு, வடிவின் கணவன் நம்பி. மூவரும் ஆளுக்குக் கொஞ்சமாக ஒரே குழாயில் ரத்தத்தை விட்டுக் கலந்து வைப்பார்கள். அதன்மேல் தேதி மட்டும் எழுதுவார்கள். பெயர் எழுதும் வழக்கம் இல்லை.

வடிவுதான் அந்தக் குழாயைப் பெட்டிக்குள் வைத்து மூடியை அழுத்தினாள்.

அதுவரை அந்த மையத்தில் ஏ, பி, ஓ என்பதையும் பாசிட்டிவா நெகட்டிவா என்பதையும்தான் பார்த்துவந்தார்கள். பெட்டி ரத்தத்தின் மரபணுவையே படித்து, லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் உள்வகையைக்கூடச் சொல்லிவிடும். அரசாங்கம் மாவட்டத்துக்கு ஒன்றாக அதை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இனி ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. பிறகு திரையில் பச்சை வரிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. அரிய வகை. மூவர் ரத்தம். ஆறில் இரண்டு. அரிய ரத்தப் பதிவகத்துக்கு அனுப்பப்பட்டது.

"அப்பாடா, ஓடுது" என்றார் பொறியாளர். அந்த அறையில் அவர் ஒருவர்தான் சிரித்தார்.

மற்றவர்கள் ஏன் பேசவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. ஆறில் இரண்டு என்றால் என்ன என்று கேட்டார். எஸ்தர் அக்கா வாசலைக் காட்டினாள். கூடத்துக்குள் செருப்போடு வரக் கூடாது என்பதால் மூவருடைய செருப்புகளும் அங்கே கிடந்தன.

"அங்க பாருங்க. மூணு பேரு, ஆறு செருப்பு. இந்த மரபணுவும் அப்படித்தான், ஆளுக்கு ரெண்டு. ஒண்ணு அப்பன் குடுத்தது, ஒண்ணு ஆத்தா குடுத்தது. ஆறுல ரெண்டு அறுந்துருக்குன்னு உங்க பெட்டி சொல்லுது. யாரு செருப்புன்னுதான் சொல்ல மாட்டேங்கு."

"ரெண்டு பேருக்கு ஒத்தச் செருப்பு அறுந்திருக்கலாம்லா?" என்றான் நம்பி. சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான்.

"இருக்கலாம். ஒத்தச் செருப்புன்னா ஒண்ணுமில்ல, இழுத்து இழுத்து நடந்துரலாம். ரெண்டும் ஒரே ஆளுக்கு அறுந்திருந்தாத்தான் மொட்டை."

மொட்டை என்பது லேப் பேச்சு. அந்த வகைக்கு எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பெயர் உண்டு. எல்லோருடைய சிவப்பணுக்கள் மேலும் இருக்கிற ஒரு புரதம் அவர்களுக்கு இருக்காது. அதனால் வேறு யார் ரத்தத்தை ஏற்றினாலும் அவர்கள் உடம்பு அதை விஷம்போல் விரட்டும். இன்னொரு மொட்டையின் ரத்தம் மட்டும்தான் சேரும்.

அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் சட்டம் வந்தது. பையில் போட்டு வைத்த ரத்தம் ஆறு வாரம் தாங்கும். ஆளுக்குள்ளேயே இருந்தால் ஆயுசுக்கும் தாங்கும். ஆகவே ஆளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. அரிய வகை என்று தெரிந்தவர்கள் பதிவகத்தில் சேர வேண்டும். கையில் ஒரு பட்டை போடுவார்கள். அனுமதி இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பட்டை கத்தும். வடிவுக்கு அந்தச் சட்டத்தின்மேல் கோபம் இருந்ததில்லை. சட்டம் வருவதற்கு முந்தைய வருடம், பிரசவத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்காக அவளே மொட்டைகளைத் தேடிப் போன் போட்டிருக்கிறாள். ஒருவர் துபாயில் இருந்தார். இன்னொருவர் நம்பரை மாற்றியிருந்தார். அவள் மூன்றாவது நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது மாடி வார்டிலிருந்து ஆள் வந்து, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனது.

இப்போதும் கோபம் வரவில்லை. பயம் வந்தது.

அவளுக்கும் நம்பிக்கும் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருந்தது. விசா வந்துவிட்டது. மறு மாதம் டிக்கெட். அதோடு இன்னொன்றும் இருந்தது. அவளுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம் கடந்திருந்தது. போன தடவை அவசரப்பட்டு ஊரெல்லாம் சொல்லி, அம்மா வளையல் கடைவரைக்கும் போய் விலை விசாரித்து வந்த பிறகு, மூன்றாவது மாதத்தில் கலைந்துபோயிற்று. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார்கள். தங்கலை என்று ஒவ்வொருவரிடமும் அவளே சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை நம்பியைத் தவிர யாருக்கும் தெரியாது. மஸ்கட் போய் இறங்கியபின் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

மத்தியானத்துக்கு முன்பே பதிவகத்திலிருந்து போன் வந்தது. மையத்தின் தலைமை மருத்துவர் மும்தாஜ் பேசிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். குழாய் யாருடையது என்று கேட்டார்கள், மூன்று பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன், மறைக்க முடியாது என்றார். பிறகு நாற்காலியில் உட்காராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேர் எழுதாத ரத்தத்துக்குச் சட்டம் எதுவும் சொல்லலை. யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களா வந்து சோதிச்சுக்கிட்டாத்தான் உண்டு. நான் கேக்க மாட்டேன்."

கதவுவரை போனவர் திரும்பினார்.

"மாடியில செல்வக்கனி இருக்காங்க. அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்."

செல்வக்கனியை எல்லோருக்கும் தெரியும். கர்ப்பப்பையில் கட்டி. ஒரு மாதமாக ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவள் மொட்டை என்பது அவளுக்கே போன வாரம்தான் தெரிந்தது. இரண்டு பை ரத்தம் கையில் இல்லாமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். மாவட்டத்தில் பட்டை கட்டியவர்களில் ரத்தம் கொடுக்கும் வயதில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு மஞ்சள் காமாலை. இன்னொருவர் அன்று மத்தியானம் வருவதாக இருந்தது. ஆக, ஒரு பை.

செல்வக்கனியின் புருஷன் தவசி ரத்த மையத்து வராந்தாவிலேயே கிடந்தான். உப்பளத்தில் வேலை. உள்ளங்கால் வெடித்து வெள்ளையாகத் தெரியும். யார் கதவைத் திறந்தாலும் எழுந்து நிற்பான். அன்று வடிவு தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோதும் நின்றான்.

"இன்னொரு பை கெடைச்சிரும்லாம்மா?"

பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள் வடிவு. அவன் அவளைக் கும்பிட்டான். அவள் பாதி பாட்டில் நிரம்புவதற்குள் குழாயை மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

மத்தியானம் ரத்தம் கொடுக்க வந்தவர் பெயர் பால்துரை. உடன்குடிக்காரர். ஐம்பது வயது இருக்கும். இடது மணிக்கட்டில் சாம்பல் நிறப் பட்டை, வாட்ச் போட்ட தடம்போல் தோலோடு ஒட்டிக் கிடந்தது. வடிவு அவருக்கு ஊசி போட்டுப் பையைத் தராசில் வைத்தாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டினவன் தங்கச்சி. இந்த ஊசிக்குப் பயப்படுதேன் பாரு."

இப்போது என்ன ஓட்டுகிறீர்கள் என்று வடிவு கேட்டாள்.

"ஸ்கூல் வேன். செய்துங்கநல்லூர் எல்லை தாண்டினா கை கத்தும், லாரி எங்கருந்து ஓட்ட? பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. மாமா கையைக் கத்த விடுங்கம்பாங்க."

அனுமதி கேட்டால் விடுவார்களே என்றாள்.

"விடுவாங்க. கல்யாணத்துக்குக் கேட்டா வளைகாப்புக்கு வந்து சேரும்." பையில் ரத்தம் ஏறுவதை ஓரக்கண்ணால் பார்த்தார். "மக கோயம்புத்தூர்ல பட்டம் வாங்குனா. போன்லதான் பாத்தேன். நல்லாத்தான் தெரிஞ்சுது."

அவர் அதன்பின் தானாகவே பேசிக்கொண்டு போனார். தன் வேனில் வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு பட்டை உண்டாம். சின்ன சைஸ். பதினெட்டு வயதுக்கு முன்னால் அதன் ரத்தத்தை எடுக்க மாட்டார்கள், ஆனால் அதுவரைக்கும் தொலைந்துபோகக் கூடாது அல்லவா. பள்ளிக்கூடத்தில் குற்றாலம் போனபோது அந்தப் பிள்ளையை மட்டும் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்களாம்.

வடிவு பையை ஆட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள். அவள் கண் அவர் மணிக்கட்டிலேயே இருந்தது. தன் மணிக்கட்டில் அது எந்த இடத்தில் உட்காரும் என்று பார்த்தாள். மஸ்கட் விமானத்தில் ஏறும்போது கத்தினால் என்ன செய்வது என்று நினைத்தாள். ஏறவே முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"உங்களுக்குக் கோவம் வராதாண்ணே?"

அவர் பையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"போன வருசம் ஒரு பயலுக்குக் குடுத்தேன். நாலு வயசு. இப்ப ஓடிக்கிட்டு கெடக்கான். அவனை நெனச்சா கோவம் வர மாட்டேங்கு. நெனைக்காதப்ப வருது."

அவர் எழுந்து போனபின், பழச்சாறு டப்பாவைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருப்பதைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தவசி அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டிருந்தான். பட்டை கட்டிய கையை. வடிவு டப்பாவோடு திரும்பி வந்துவிட்டாள்.

அன்று பிற்பகல் எஸ்தர் அக்கா தன் விரலைத் தானே குத்திக்கொண்டாள்.

"எனக்கு வளையல் போட்டாப் போடட்டும். நான் எங்க போகப்போறேன், மெஞ்ஞானபுரம் கோயிலுக்கும் வீட்டுக்கும். மருமவ கூப்பிட்டாலும் போகாம இருக்க ஒரு சாக்கு" என்று சிரித்தாள். முடிவு வரும்வரை ஜெபம் சொல்லிக்கொண்டு இருந்தாள் என்பது உதடு அசைவதில் தெரிந்தது. திரை முழுக்கப் பச்சை. அவள் இரண்டு செருப்பும் நல்ல செருப்பு.

எஸ்தர் அக்கா சந்தோஷப்படவில்லை. நம்பியையும் வடிவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரையை அணைத்தாள். அவளும் அவர்களைக் கேட்கவில்லை. கூடத்தில் யாரும் யாரையும் கேட்காமல் இருப்பதை வடிவால் தாங்க முடியவில்லை. திட்டினால்கூட நன்றாக இருக்கும்.

சாயங்காலம் முத்தையாபுரம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. நம்பி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவன் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்து அத்தான் என்று கூப்பிட்டுப் பழகி, கல்யாணத்துக்குப் பிறகும் அதே கூப்பாடுதான். பயப்படும்போது அவன் அதிகம் பேசுவான் என்று அவளுக்குத் தெரியும். அன்று பேசினான். ஏஜெண்டிடம் சொல்லி டிக்கெட்டை இந்த வாரத்துக்கே மாற்றிவிடலாம், ராஜினாமாவை மஸ்கட்டிலிருந்து அனுப்பிக்கொள்ளலாம், மும்தாஜ் மேடம் தப்பாக நினைக்க மாட்டார் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

"செல்வக்கனி?" என்றாள் வடிவு.

"அவங்களுக்கு வேற ஸ்டேட்லருந்து வரும். தேடிக்கிட்டுத்தான் இருப்பாங்க."

"நம்மள்ல ஒருத்தர் மொட்டையா இருந்தா?"

"ஏன், ஆளுக்கு ஒத்தச் செருப்பா இருக்கக் கூடாதா? எங்க அம்மாவும் உங்கப்பாவும் கூடப் பொறந்தவங்க. தாத்தாவோ ஆச்சியோ, யாருக்கோ ஒண்ணு அறுந்திருந்திருக்கும். அது இங்க ஒண்ணு, அங்க ஒண்ணா வந்திருக்கும். அப்படித்தான் இருக்கும், பாரு." முன் சீட்டுக் கம்பியில் விரல்களை வைத்துக் கணக்குப் போட்டான். அம்மாவுக்கு ஒரு விரல், மாமாவுக்கு ஒரு விரல். அதற்குக் கீழே அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பிறகு இரண்டுக்கும் கீழே இன்னொரு விரலைக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்படி இருந்தா நமக்கு நல்லதுதான அத்தான்? ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லல்லா?"

"ம்" என்றான். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் போய்க்கொண்டிருந்தன. அவற்றை முதல் தடவை பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும் இடம் வருவதற்குச் சற்று முன்னால், அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"எப்படி இருந்தாலும் நீ டெஸ்ட் குடுக்காத வடிவு. நானும் குடுக்கல. எனக்காக இதைக் கேளு."

மஸ்கட் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்துவிட்டான் என்று நினைத்தாள். அந்தப் பயம் தனக்கும் இருந்ததால் அவனைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனாலும் அவன்மேல் ஒரு கசப்பு வந்து, ராத்திரி சோறு போடும்போதும் போகாமல் நின்றது.

மறுநாள் தன் முறை, கூடத்தைத் திறக்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு விடிந்ததும் கிளம்பினாள். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். மொட்டை என்றால் இன்றைக்கே ஒரு பை கொடுத்துவிடுவது. கர்ப்பிணியிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். மும்தாஜ் மேடம் காலில் விழுந்தாவது எடுக்கச் சொல்லலாம், அரைப் பையாவது எடுக்கலாம் என்று ஏதேதோ நினைத்தாள். அவள் அம்மாதான் ஆயிரம் தெய்வங்களுக்கு நேர்ந்துகொள்வாள். வடிவுக்கு அந்தப் பழக்கமில்லை. அன்று ஒத்தச் செருப்பாக இருக்க வேண்டும் என்று பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டே வந்தாள்.

வராந்தாவில் தவசி இல்லை. டீ குடிக்கப் போயிருப்பான். அவள் நேராகப் பெட்டி இருந்த அறைக்குப் போனாள். விரலைக் குத்தி, குழாயில் விட்டு, இந்தத் தடவை பெயரை எழுதினாள். திரை கேள்விகள் கேட்டது. கொடையாளர்களிடம் ஐந்து வருடமாக அவள் கேட்டுவரும் அதே கேள்விகள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். காய்ச்சல் உண்டா. மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா. தயங்குகிறவர்களிடம் அவள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுண்டு: இதில் பொய் சொன்னால் எங்களுக்கு ஒன்றுமில்லை, உங்களுக்கும் உங்கள் ரத்தம் போய்ச் சேரும் ஆளுக்கும்தான் கேடு.

கருவுற்றிருக்கிறீர்களா?

அவள் விரல் ஆம் என்பதைத் தொட்டது. யோசித்தெல்லாம் தொடவில்லை. உண்மையைத் தொட்டுப் பழகிய விரல்.

பெட்டி முனகிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தன் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரை மாறியபோது உடனே பார்க்கவில்லை. பிறகு பார்த்தாள்.

இரண்டில் ஒன்று. மரபணுவைக் கடத்துபவர். பதிவு தேவையில்லை.

மறுபடி வாசித்தாள். ஆறில் இரண்டில் ஒன்று தன்னுடையது. எஸ்தர் அக்காவிடம் எதுவும் இல்லை. மிச்சம் ஒன்று நம்பியுடையது. இருவரும் மொட்டை இல்லை. இருவருக்கும் பட்டை இல்லை. அத்தான் சொன்னபடியே. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே தவசியின் குரல் கேட்டது. எஸ்தர் அக்கா அப்போதுதான் வந்திருந்தாள். அவளிடம் ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்து அழுதுகொண்டிருந்தான். விடிகாலையில் செல்வக்கனிக்கு ரத்தப்போக்கு அதிகமாகி, இனிப் பொறுக்க முடியாது என்று இருந்த ஒரு பையோடு ஆபரேஷன் செய்துவிட்டார்களாம். அந்த ஒரு பையே போதுமாக இருந்ததாம். கண் முழித்துவிட்டாள், தண்ணீர் கேட்கிறாள்.

"அந்த உடன்குடி அண்ணாச்சிக்கும் குடுக்கணும்மா. விலாசம் இருந்தாச் சொல்லுங்க" என்றான்.

வடிவு சுவரில் சாய்ந்துகொண்டாள். யாரும் சாகவில்லை. யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. இத்தனை நல்லது ஒரே காலையில் நடக்குமா என்று இருந்தது. தவசி போனதும் எஸ்தர் அக்காவை உள்ளே இழுத்துவந்து திரையைக் காட்டினாள்.

"பாருங்கக்கா. ஒத்தச் செருப்புதான். அத்தானுக்கும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் தப்பிச்சோம்."

எஸ்தர் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். வாசித்து முடித்தபின்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஏட்டி வடிவு. ரெண்டு வாரமா நீ காலையில டீ வேண்டாங்கே. முழுகாம இருக்கியா?"

வடிவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அதுவே பதிலாயிற்று.

எஸ்தர் அக்கா மெதுவாக வாசலைப் பார்த்தாள். அங்கே நம்பி வந்து நின்றிருந்தான். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டான். இன்னொன்று காலிலேயே இருந்தது. அவன் திரையையும் வடிவையும் பார்த்தான்.

"குடுத்துட்டியா" என்றான்.

அவன் குரலில் கோபம் இல்லை. அப்போதுதான் வடிவுக்கு அந்தப் பஸ் கம்பியும், அதன்மேல் இரண்டு விரல்களுக்குக் கீழே பாதியில் நின்றுபோன மூன்றாவது விரலும் கண்முன் வந்தன. ஒன்று அப்பன் கொடுப்பது, ஒன்று ஆத்தாள் கொடுப்பது. இருவரிடமும் அறுந்தது ஒன்று இருக்கிறது. இரண்டு அறுந்ததும் ஒரே ஆளிடம் போய்ச் சேர இடம் இருக்கிறது. அவன் அவளிடம் கேட்டது மஸ்கட்டுக்காக இல்லை. போன தடவை நடந்ததற்குப் பிறகு, பிள்ளையைப் பற்றிப் பயப்படுகிறேன் என்று அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"மாசமா இருக்கியான்னு கேட்டதுக்கு என்ன போட்ட? அது பதிவகத்துக்குப் போகும்லா?" என்றான்.

அவள் விரலைப் பார்த்துக்கொண்டாள். குத்திய இடத்தில் ஒரு புள்ளி காய்ந்திருந்தது.

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. எஸ்தர் அக்கா எடுத்து, கேட்டு, பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு நீட்டினாள்.

"உனக்குத்தான். பதிவகம்."

"வடிவாம்பாள் மேடமா?" பெண் குரல். இளையவளாக இருக்க வேண்டும். இனிமையாகப் பேசினாள். "முதல்ல வாழ்த்துகள் மேடம்."

அந்தச் சொல்லை அவளிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. அவள் அம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாது.

பயப்பட ஒன்றுமே இல்லை என்றாள் அந்தப் பெண். மேடத்துக்கும் சாருக்கும் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. பிள்ளைக்கு வாய்ப்பு நாலில் ஒன்றுதான். பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து ஒரு துளி எடுத்துப் பார்ப்பார்கள், பிள்ளைக்குத் தெரியக்கூடத் தெரியாது. இல்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருந்தால், சின்னதாக ஒரு பட்டை. பிரசவம்வரைக்கும் மேடம் மாவட்டத்துக்குள் இருந்தால் போதும். குற்றாலம் போன நாளில் வீட்டில் இறங்கிக்கொண்ட அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் என்று வடிவு கேட்டிருக்கவில்லை. இப்போது அது மனதில் வந்து நின்றது. கூடவே, ஓடிக்கிட்டு கெடக்கான் என்ற நாலு வயசுப் பயலும் வந்தான். தண்ணீர் கேட்ட செல்வக்கனியும் வந்தாள்.

"பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில வச்சிருக்கீங்க மேடம்? குறிச்சுக்கறேன்."

நம்பி வாசலிலிருந்து அசையவில்லை. எஸ்தர் அக்கா முகத்தைத் திருப்பி, ஜன்னல்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

வடிவு ஐந்து வருடமாக எத்தனையோ பேரிடம் அந்த மேஜையில் உண்மையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். இந்தச் சொல்லை அவள் தேட வேண்டியிருக்கவில்லை. முன்பு ஒரு தடவை ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன சொல்தான்.

"அது தங்கலைங்க" என்றாள். "நேத்து. பழைய நெனப்புல திரையில ஆம்னு தொட்டுட்டேன்."

அந்தப் பெண் மூச்சு விட்டது கேட்டது.

"அய்யோ. மன்னிச்சுக்குங்க மேடம். நான் முதல்லயே வாழ்த்து வேற சொல்லிட்டேன்." அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். "நான் மாத்திடறேன். நீங்க ஓய்வா இருங்க. அடுத்த தடவை தங்கினதும் எங்களுக்குச் சொல்லுங்க. நாங்க பாத்துக்கறோம்."

சரி என்று சொல்லிவிட்டு வடிவு போனை வைத்தாள். அந்தக் கையைக் கொண்டுபோய் வயிற்றின்மேல் வைக்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.